நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர்

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு எழிலரசியின் முன்னால் ஒரு படிவம் நீட்டப்பட்டது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. விமானத்தின் மூக்கை உயர்த்திய கோணம், சோதனை நடந்த நாள், கிடைத்த எரிபொருள் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்று எதுவும் விடுபடவில்லை. செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி.

அந்தச் சோதனையை அவள் செய்யவில்லை. யாருமே செய்யவில்லை.

வேலூருக்கு வெளியே, ஒரு சிறிய ஓடுதளத்தை ஒட்டி நடக்கும் விமானப் பயிற்சிக் கழகத்தில் எழிலரசி பராமரிப்பு உதவியாளர். அங்கே இருப்பவை இரண்டே விமானங்கள். நான்கு பேர் உட்காரக்கூடிய, இறக்கை மேலே அமைந்த பழைய இயந்திரங்கள். இறக்கையில் இருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே என்ஜினுக்கு இறங்கும், பம்ப் கிடையாது. மணிக்கு எவ்வளவு செலவாகிறது என்று காட்ட, அந்தக் குழாயின் நடுவே ஃப்ளோ மீட்டரின் சென்சாரைப் பொருத்தச் சொல்லியிருந்தது கழகம். நீலக் கோடு போட்ட விமானத்துக்குப் போன மாதம், அவள் விடுப்பில் இருந்த ஒரு நாளில் ஆயிற்று. சிவப்புக் கோடு போட்டதற்கு இந்த வியாழனும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் எழிலரசி தாயார் கெங்கம்மாளைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப்போயிருந்தாள்.

"போடு, எழில்," என்றார் பரணிதரன். கழகத்தின் உரிமம் பெற்ற என்ஜினியர் அவர் ஒருவரே. சனிக்கிழமை தோறும் பதினோரு மணி ரயிலில் சென்னைக்குப் போய்விடுவார். "திங்கக்கிழமை நம்ம ஸ்டூடண்ட் தில்ஷாத் மொத தடவையா தனியா, சோலோ பறக்கப் போகுது."

"இந்த டெஸ்ட்ட யாரு சார் பண்ணது?"

"என்ஜின் ஓட்டிப் பாத்தாச்சு. மீட்டர் நம்பர் காட்டுது. வேற இன்னா வேணும் உனக்கு?"

"எவ்ளோ போவுதுன்னுதான் சார் மீட்டர் காட்டும். எவ்ளோ போவ முடியும்னு காட்டாது."

"எனக்கே பாடமா?" அவர் மேசை இழுப்பறையைத் தட்டினார். "உன் வேலைப் புத்தகம் உள்ளதான் இருக்கு. ரெண்டு வருஷ வேலைக்கும் நான் கையெழுத்து போட்டாதான் உனக்கு லைசென்ஸ். ஞாபகம் வெச்சுக்க."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. இதே வெறுப்பை அவள் ஒருமுறை விழுங்கியிருக்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கராகச் சேர்ந்தாள். தோலில் கீறலோ தையல் பிசகோ கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் சூப்பர்வைசர் அந்த அம்புகளை நகத்தால் உரித்துப்போட்டு, பெட்டியில் அடுக்கி, அவளுடைய கார்டில் தானே டிக் அடித்தான். நாற்பது நாள் கழித்துச் சரக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. கார்டில் இருந்தது அவள் எண், பதினேழு. கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் சென்னைக்குப் போய் விமானப் பராமரிப்புப் படித்தாள். தாள்கள் எல்லாவற்றிலும் தேறினாள். இப்போது வயது முப்பத்தொன்று. மிச்சமிருப்பது அந்த இழுப்பறைக்குள் கிடக்கும் புத்தகம்.

"டெஸ்ட் பண்ணிட்டுப் போடறேன் சார்," என்று படிவத்தை மடக்கிக்கொண்டு வெளியேறினாள்.

குழாயை மாட்டியது ரஃபி அகமது என்று காவலாளி சொன்னார். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலையங்களுக்கு மீட்டர் பொருத்தும் ஃபிட்டர் அவர். கை சுத்தமானவர், விமான வேலை படித்தறியாதவர். எழிலரசி போனில் பொரிந்து தள்ளினாள்: "மாட்டினது நீங்கதான? ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து நில்லுங்க பாய். வால் பக்கம் கட்ட வெயிட்டும் வேணும்."

மறுநாள் காலை அவர் ஒரு மினி லாரியில் பன்னிரண்டு மூட்டைகளோடு வந்து இறங்கினார். ஒரு மூட்டையின் ஓரத்தில் வெள்ளையாகக் கசிந்திருந்ததைப் பார்த்ததும் அவள் லாரியின் குறுக்கே போய் நின்றாள்.

"இன்னா பாய் இது? உப்பா?"

"தோலுக்குப் போடற உப்புதாம்மா. காஞ்சதுதான். வெயிட் ஜாஸ்தி."

"இது அலுமினியம் பாய்! உங்க தோலக் காப்பாத்துற உப்பு இத அரிச்சுத் தின்னுடும். வண்டியப் பின்னால எடுங்க. எடுங்கன்றேன்!"

"எடுக்கறேன், எடுக்கறேன். காலங்காத்தால இப்டி பேஜார் பண்றியேமா," என்று முனகியபடியே அவர் லாரியைத் தள்ளி நிறுத்தினார். ஓடுதள ஓரத்தில் கிடந்த மணல் மூட்டைகளை இருவரும் சுமந்து வந்து, வாலின் அடிவளையத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். மூக்கு, வானேறும் கோணத்துக்கு நிமிர்ந்தது. அந்தக் கோணத்தில்தான் டாங்குக்கும் என்ஜினுக்கும் உள்ள உயர வித்தியாசம் குறைந்து, பெட்ரோல் மெதுவாக இறங்கும். தேவை அதிகமாவதும் அப்போதுதான். முழு வேகத்தில் என்ஜின் மணிக்கு ஐம்பது லிட்டர் கேட்கும். குழாய் அதைப் போல ஒன்றரை மடங்கு தர வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர். நான்கு நிமிடத்துக்கு ஐந்து.

என்ஜினில் சேரும் இடத்தில் குழாயைக் கழற்றி, அளவு கோடிட்ட கேனுக்குள் விட்டு, வால்வைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம் முடிந்தபோது கேனில் மூன்றேகால் லிட்டர் இருந்தது.

மறுபடி செய்தாள். அதே மூன்றேகால்.

"கொஞ்சம் கம்மி, அவ்ளோதான?" என்றார் ரஃபி.

"மணிக்கு நாப்பத்தொம்போதுகூட இல்ல பாய். என்ஜின் குடிக்கறதே அம்பது. அந்தப் பொண்ணு தனியா மேல ஏறும்போது நின்னு போவும்."

வால்வை மூடி, சென்சாரின் இணைப்பைப் பிரித்தாள். வாயின் குறுக்கே, பாதியை அடைத்துக்கொண்டு, விரல் நீள வெள்ளை டேப் மடிந்து கிடந்தது. கசியாமலிருக்கத் திருகு மரையில் சுற்றியதன் பிசிறு பிய்ந்து உள்ளே போயிருந்தது. விமானக் குழாய்களில் டேப் கூடாது. அதற்கென்று தனிப் பசை உண்டு.

ரஃபி குனிந்து அந்த டேப்பை விரலால் இழுத்தெடுத்தார். "யா அல்லா. நான்தான்மா சுத்தினேன். இருவது வருஷமா எல்லா மீட்டருக்கும் சுத்தறேன். கழிவுத்தண்ணி லைன்ல இது போனா சேத்தோட சேறு, யாரு கேக்கப்போறா? சார் ஒண்ணும் சொல்லலியே." பிறகு குரல் இறங்கியது. "போன மாசம் நீலக் கோட்டுக்கும் நான்தான்மா மாட்டினேன்."

எழிலரசி கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தாள். அது உருண்டு போய்ச் சக்கரத்தில் மோதியது. நீலக் கோட்டு விமானத்தின் படிவத்தை அவள் கோப்பில் பார்த்திருக்கிறாள். பரணிதரன் தானே செய்ததாகக் கையெழுத்திட்டது. அதிலும் ஒன்றரை லிட்டர். ஒரு மாதமாக அதில் ஆறு மாணவர்கள் பறந்துகொண்டிருக்கிறார்கள்.

மரைகளைத் துடைத்து, பசையிட்டு இறுக்கி மூன்றாம் முறை சோதித்தாள். ஐந்து லிட்டர் முந்நூறு மில்லி. பரணிதரன் நிரப்பியதைக் குறுக்கே அடித்துவிட்டு, வேறொரு படிவத்தில் மூன்று முடிவுகளையும் நேரத்தோடு எழுதினாள், காரணத்தையும் எழுதினாள், நீலக் கோட்டு விமானத்தைத் திறந்து பார்க்கும்வரை பறக்க விடக்கூடாது என்றும் எழுதினாள். டேப் சுற்றியதை எழுதிக் கையெழுத்திடச் சொல்லி ரஃபியிடம் பேனாவை நீட்டினாள்.

"எழுதினா என்னிய உள்ள வெச்சுடுவாங்களாமா?"

"தெரியாது பாய். எழுதலன்னா நீலத்த யாரும் தொறக்க மாட்டாங்க."

அவர் தாளை முழங்காலில் வைத்து எழுதிக் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே அதன் நகலைக் கழகச் செயலாளர் வக்கார் அகமதுவுக்கு அனுப்பிவிட்டாள். எட்டு மணிக்குப் பரணிதரன் வந்தார். படித்தார்.

"சரி பண்ணிட்டல்ல? கடைசி ரிசல்ட்ட மட்டும் எழுதிக் குடு. நீலத்த நான் தனியா பாத்துக்கறேன். உன் புத்தகத்துல இப்பவே போட்டுடறேன்." இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கைக்கெட்டும் தூரம்.

எழிலரசி புத்தகத்தைப் பார்த்தாள். "செகரட்டரிக்கு அனுப்பிட்டேன் சார்."

"என்னக் கேக்காமலா?"

"என்னக் கேக்காமதான சார் என் பேர எழுதினீங்க?"

புத்தகம் இழுப்பறைக்குள் திரும்பிப் போயிற்று, இழுப்பறை பூட்டிக்கொண்டது. இரண்டு விமானங்களும் நிறுத்தப்பட்டன. தில்ஷாத் கண்ணீரோடு வந்து நின்றாள். "அக்கா, மேல்விஷாரத்துலருந்து எங்க வீடே கெளம்பி வந்து கேட்ல நிக்குது. நான் இன்னா சொல்றது?"

"உயிரோட வர்றேன்னு போய்ச் சொல்லு!" என்று எரிந்து விழுந்தாள் எழிலரசி. நீலக் கோட்டு விமானத்தின் சென்சாரிலிருந்தும் அன்று மாலை வெள்ளைப் பிசிறு வந்தது. செயலாளர் பரணிதரனிடம் விளக்கம் கேட்டார். வேறு என்ஜினியர் கிடைக்கும்வரை அவரை அனுப்ப முடியவில்லை. தில்ஷாத் வியாழக்கிழமை பறந்தாள்.

மறுநாளிலிருந்து எழிலரசி தினமும் எட்டு மணிக்கு, கருவிப்பெட்டியைத் திறக்கும் முன், அந்த மேசைமுன் போய் நின்றாள். "சார், என் புத்தகம். கையெழுத்து இல்லன்னா, ஏன் இல்லன்னு எழுதிக் குடுங்க." அவர் எழுதவுமில்லை, திட்டாமல் விட்டதுமில்லை. கேட்ட நாள்களை அவள் தேதியிட்டுக் குறித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் பரணிதரன் புத்தகத்தை மேசையின் குறுக்கே வீசினார். "போட்டாச்சு. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

அவள் நகரவில்லை. நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். இருநூற்றுப் பதினொரு வேலைகளுக்குக் கையெழுத்து இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனை அதில் இல்லை; பேனாவை எடுத்து அடுத்த வரியில் அதை அவளே எழுதினாள். அந்த வரியில் விரலை வைத்துப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதுவும் சார்."