தெருக்குத்து மனை

மழைநீர் வடிகால் வரைவதுதான் என் பிழைப்பு. வீட்டுமனை போடுகிறவர்கள் நிலத்தை வாங்கி, தெரு பிரித்து, மனைக்கு எண் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். அதுவும் அனுமதிக்கு வரைபடம் வேண்டுமே என்பதால்.

வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு நிலம். வடகிழக்கு மேடு, தென்மேற்கு பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் ஏரி. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாலே எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துவிடும். நானும் ஏரிப் பக்கம்தான் வடிகாலைப் போட்டுக் கொண்டுபோனேன். மனை போடுகிறவர் பார்த்தார். பென்சிலை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"நீரு ஈசான்யக்கே ஹோக்பேக்கு" என்றார். தண்ணீர் ஈசானிய மூலை, அதாவது அந்த வடகிழக்கு மேடு வழியாகத்தான் வெளியே போக வேண்டுமாம். இல்லாவிட்டால் வாஸ்து பார்க்கிறவர்கள் ஒரு மனைகூட வாங்க மாட்டார்களாம்.

"சார், மேட்டுல எப்படி சார் ஏத்துறது?" என்று கேட்டேன்.

தென்மேற்கில் ரோட்டை உயர்த்து, வடகிழக்கில் வடிகாலை ஆழமாய்த் தோண்டு, ஏரிப் பக்கம் நெடுகக் கல்சுவர் எழுப்பு. அவ்வளவுதான் அவர் பதில். ரோட்டைத்தான் உயர்த்தினார்கள். மனைகள் பழைய பள்ளத்திலேயே கிடந்தன.

நான் ஒருநாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன். மறுநாள் உட்கார்ந்து வரைந்தேன். பெரிய வீரன்! சாதாரண மழைக்கு அந்த வடிகால் தாங்கும். பெரிய மழையில் வெளியே மெயின் ரோட்டு வடிகால் நிரம்பினால் எங்கள் தண்ணீர் வெளியேற முடியாமல் எதிர்த்துத் திரும்பும். திரும்பினால் பழைய பள்ளத்துக்குத்தான் போகும், சுவரில் முட்டி அங்கேயே நிற்கும். அதையும் கணக்குப் போட்டு வைத்தேன். யாருக்கும் காட்டவில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வீடு தேடிக்கொண்டிருந்தாள். ஜோகுபாளையத்தில் மாடியில் வாடகை வீடு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரைப் படியில் இறக்கி ஏற்றவே இரண்டு ஆள் வேண்டும். "தரையோட ஒரு வீடு இருந்தா போதும்டா. அவரை வெளியே வெயில்ல உக்கார வெச்சிடுவேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

அந்தத் தென்மேற்கு மூலையில் ஒரு தெருக்குத்து மனை. தெரு நேரே வந்து முட்டும் மனையை யாரும் தொட மாட்டார்கள். விலையும் குறைத்துவிட்டார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், எங்களுக்கு ஏது தெருக்குத்து? "நம்ம வாங்கலாம்க்கா" என்று சொன்னவன் நான்தான். பெரிய மழை வந்தால்தானே என்று நினைத்தேன். சுவரடியில் ஒரு திறப்பு வைக்கச் சொல்லிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். கேட்கவும் கேட்டேன். தென்மேற்கு, நைருதி மூலை, அதில் ஓட்டையா என்று சிரித்தார்கள். அதோடு விட்டுவிட்டேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவளும் மனையை வாங்கி, தரையோடு ஒரு வீடு கட்டிக் குடிபோனாள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அந்த மழை வந்தது. அக்கா போனில், "டேய், தண்ணி உள்ள வருதுடா" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையிலேயே வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே நடக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் முட்டியளவு சாக்கடைத் தண்ணீர். மாமாவின் மெத்தை ஊறிப்போயிருந்தது. அக்கா அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கத்த வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் நானுமாய் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து வெளியே தூக்கினோம்.

மறுநாள் சேறு வாரும்போது ஆளாளுக்குக் கத்தினார்கள். "எவன்யா இந்த டிரெய்னேஜ் போட்டவன்?"

"என் தம்பிதான் பிளான் போட்டான்" என்றாள் அக்கா, துடைப்பத்தைக் கீழே போடாமலேயே. "அவன் சரியாத்தான் போட்டிருப்பான். கட்டினவங்கதான் ஏதோ கோல்மால் பண்ணிட்டாங்க." நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி சேற்றை வாரிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சீ, என்ன பிறவி நான்.

வீட்டை விற்கவும் முடியவில்லை. தெருக்குத்தோடு இப்போது வெள்ளமும் சேர்ந்துகொண்டது. அதனால் இந்த வருஷம் மழைக்கு முன்பே மாமாவின் கட்டிலை உயர்த்த ஒரு ஆசாரியை வரச்சொன்னாள். போன வாரம் நான் போனபோது அவர் டேப்பை வைத்துக்கொண்டு சுவரில் பழைய சேற்றுக்கோட்டை அளந்துகொண்டிருந்தார்.

"ஏண்டா, போன தடவை இவ்வளவு. இதைவிடப் பெரிய மழை வந்தா எதுவரைக்கும் ஏறும்?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டே முக்கால் அடி. அதுக்கு மேல ஏறாது. ரோட்டு மேட்டைத் தாண்டி வழிஞ்சிடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா என்னையே பார்த்தாள்.

"ஒரு பேப்பர் பேனாகூட எடுக்கல நீ" என்றாள். "எப்ப போட்ட கணக்குடா இது?"

நான் சுவரில் இருந்த சேற்றுக்கோட்டைப் பார்த்தேன்.

"இந்த மனை வாங்கறதுக்கு முன்னாடியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன், அடிக்கக்கூடச் செய்யலாம் என்று நின்றேன். அவள் ஆசாரி பக்கம் திரும்பினாள்.

"அவன் சொன்னதை எடுத்துக்காதீங்கண்ணே. மூணரை அடியா வெச்சிடுங்க."

"அவ்ளோ ஒசரத்துல படுக்க வெச்சா சோறு எப்படிம்மா ஊட்டுவீங்க?"

"ஸ்டூல் மேல ஏறி நின்னு ஊட்டிக்கிறேன்" என்றாள் அக்கா.