மாமாவின் குளிசைப் பேணி

என் மாமாவுக்கு டாக்டர்மார் மேல் நம்பிக்கை கிடையாது. அவர்கள் தரும் குளிசைகள் மேல் மட்டும் அசையாத நம்பிக்கை. ஐந்து நாளைக்குக் கொடுத்தால் இரண்டாம் நாளே சுகம் என்று தானே நிறுத்திவிடுவார். மிச்சம் பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் போய்விடும். பழுகாமத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம் என்றாலும் அந்தப் பேணி திறக்கும். ஆளுக்கு இரண்டு. தெருவே அவரைக் கும்பிட்டது.

வெள்ளத்தோடு கொலரா வந்த வருடம், அது மாமாவையே பிடித்தது. பேணியிலிருந்து நான்கு நான்காக விழுங்கினார். வயிற்றோட்டம் நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் கண்கள் குழிவிழுந்து விரல்கள் சுருங்கிவிட்டன. பாதையெல்லாம் தண்ணீர். அப்பா தோணி தேடிப் போனார்.

அதற்கு முதல்நாள் வீடுவீடாக வந்த சுகாதார மிஸ்ஸி உப்புச்சீனிப் பக்கற்றுகளைத் தந்து, "இந்தக் கிருமி இப்ப அந்தக் குளிசைக்கு அடங்குதில்ல. கொதிச்சாறின தண்ணியில இதக் கரைச்சுக் குடுத்துக்கொண்டே இருங்க" என்று சொல்லியிருந்தார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். காதில் வாங்கியது எட்டு வயதான நான் ஒருத்திதான்.

கரைத்த கோப்பையோடு போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வயித்தால போறவனுக்குத் தண்ணி குடுக்கிறது ஓட்டக் குடத்துக்க ஊத்துற மாதிரி. எடுத்துற்றுப் போ புள்ள!"

"நான் போகமாட்டன்" என்றேன். அம்மா அதட்டியும் எழும்பவில்லை. ஒரு கரண்டி ஊட்டினேன், துப்பினார். இன்னொன்று, வாந்தி எடுத்தார். பிறகு ஏசத் தொடங்கினார். ஏசுவதற்கு அவர் வாய் திறந்த போதெல்லாம் ஒரு கரண்டி உள்ளே போனது. அந்த ஏச்சுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பின்னேரம் தோணி வந்தது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். குடித்த தண்ணீரால்தான் உயிரோடு வந்து சேர்ந்தார் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா வந்து சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா வீடு திரும்புமுன் பேணியைத் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். உதவாத குளிசைகளுக்கு இதுதான் தண்டனை என்று ஒவ்வொன்றின் கூட்டையும் பிரித்து, உள்ளிருந்த தூளைத் தண்ணீரில் கொட்டினேன்.

பேணியைக் கேட்டு மாமா சாகும்வரை என்னை ஏசினார். கரண்டி பிடித்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், இன்றைக்கும்தான். ஆனால் அந்தக் கிருமிக்கு எங்கள் வாவியின் உவர்த்தண்ணீரும் ஒரு வீடு என்று அன்று எனக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு என்று அரைகுறையாகக் கொடுத்து, சாகாமல் தாங்க மாமா அதற்குப் பழக்கிய மருந்தை, நான் அதன் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தேன்.