விண்ணப்பத்தில் நான் எழுதாமல் விட்டது

என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாக எழுதியது ஒரே ஒரு கடிதம்தான். அது என் கணவருக்காக எழுதிய வேலை விண்ணப்பம். எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, வெள்ளைத்தாளில் ஒரே பக்கத்துக்கு மலாயில் எழுதியது. ஐந்து முறை திருத்தினேன். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அது மேலும் நன்றாக ஆகிறது என்றே நம்பினேன்.

தோட்டத்து எண்ணெய் மில்லை மூடப்போகிறார்கள் என்று ஒருநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொன்னார். இனிப் பழக்குலைகள் லோரியில் வேறு தோட்டத்து மில்லுக்குப் போகுமாம். பழம் வெட்டும் வெளிக்காட்டு வேலையை ஏற்கெனவே குத்தகைக்காரர் எடுத்திருந்ததால் மில்லு ஆட்களுக்கு அங்கும் இடமில்லை. மூன்று மாதத்தில் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து, அவளைக் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் என் மனம் ஓடிக்கொண்டே இருந்தது. இவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவோம்?

கடையில் தொங்கிய தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சிறிய விளம்பரம் வந்தது. சுங்கை சோ பக்கம் புதிதாகத் திறந்த ஒரு துணித் தொழிற்சாலைக்கு ஆட்கள் தேவை. பல பிரிவுகளில் வேலை இருக்கிறது. விண்ணப்பக் கடிதம், வாழ்க்கைக் குறிப்பு, புகைப்படம், முன்பு வேலை செய்த இடத்து நற்சான்று ஆகியவை வேண்டும். நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். என் கணவர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்ததோடு நின்றவர். பேச்சு மலாய் பேசுவார், எழுத்து வராது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரிடம், படித்த பெண்ணைக் கட்டியிருக்கிறாய், உனக்கென்ன லா கவலை என்றார்கள். அவரும் அதை நம்பினார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். மில்லில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். திருமணமாகி நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவையாக நான் அதைக் கேட்டது. அவர் சிரித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் அள்ளிப் போட்டுத்தான் பாய்லரை எரிப்பார்களாம். மழை நாளில் நார் ஈரமாக வந்தால் கொட்டை ஓட்டைக் கூடுதலாகப் போட வேண்டும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பதற்கு முன்பே, நெருப்பின் இரைச்சலைக் கேட்டே தண்ணீர் இறங்குவதைச் சொல்லிவிடலாம். ஒருமுறை குழாய் ஒன்று அடைத்துக்கொண்டபோது எல்லாரும் வெளியே ஓட, இவர் மட்டும் உள்ளே நின்று நெருப்பைத் தணித்திருக்கிறார். பன்னிரண்டு வருடம். கை அசைவோடு அவர் சொல்லச் சொல்ல, நான் தமிழிலேயே நான்கு பக்கம் எழுதினேன்.

ஆனால் மில்லுப் பதிவில் அவர் பாய்லர் ஆள் இல்லை. பாய்லரை இயக்க அரசாங்கத்துத் தேர்வு எழுதி டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். டிக்கெட் வைத்திருந்தவர் வேறொருவர். அவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். அவர் வாசலில் நாற்காலி போட்டுக் கண்ணயர்வார். நெருப்பு என் கணவருடையது. பெயர்ப்பட்டியலில் என் கணவர் பொதுத் தொழிலாளி. எங்கள் பக்கத்து மில்லுகளில் இது வழக்கம்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் முதலில் எழுதிய கடிதத்தில் அது அப்படியே இருந்தது: பன்னிரண்டு வருடம் பாய்லரைக் கவனித்த அனுபவம் எனக்கு உண்டு. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். மானேஜரின் நற்சான்றை டைப் அடித்துக் கொடுப்பவர் கிராணி. நல்ல மனிதர். என் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, டிக்கெட் இல்லாதவன் பாய்லர் ஓட்டினான்னு நீயே கைப்பட எழுதிக் கொடுக்கப் போறியா? இது நாலு பேரு கைக்குப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? உன் வீட்டுக்காரன் தலைதான் மொதல்ல உருளும்.”

நற்சான்றில் பொதுத் தொழிலாளி, நன்னடத்தை உள்ளவர் என்றுதான் வரும், கடிதம் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். படித்தவள் நானே அவரை மாட்டிவிடப் பார்த்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூடப்போகும் மில்லுக்கு இனி என்ன வம்பு வந்துவிடப்போகிறது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த வரியை எடுத்தேன். எடுத்ததும் கடிதத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்த இடத்தை நிரப்பப் பள்ளியில் கற்ற நல்ல நல்ல சொற்களைப் போட்டேன். உழைப்பாளி, நேர்மையானவர், ஒழுங்கு தவறாதவர், பொறுப்பை மனமுவந்து ஏற்பவர். இரண்டாவது தடவையில் சொற்களை மாற்றினேன். மூன்றாவதில் ஓரம் நேராக இல்லை என்று மீண்டும் எழுதினேன். பிறகு தொடக்கம் பணிவாக இல்லையோ என்று தோன்றியது. கடைசியாக எழுதியதைத்தான் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடிக்கக் கிராணி அனுமதித்தார். படிக்க மிக அழகாக இருந்தது. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கடிதம்.

அவரிடம் படித்துக் காட்டினேன். மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. கேட்டுவிட்டு, “பாய்லர் எங்க?” என்றார்.

கிராணி சொன்னதைச் சொன்னேன். ரவாங் பஸ்ஸில் போகும்போது அந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்திருப்பதாகவும், அங்கேயும் ஒரு பாய்லர் இருக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, சரி, உனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்.

புகைப்படத்துக்காகப் பட்டணத்துக்குப் போனோம். ஸ்டூடியோவில் வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிட ஒரு டை வைத்திருந்தார்கள். படம் கைக்கு வந்ததும் அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “யாரு இவன்? இன்சூரன்ஸ் விக்க வந்தவன் மாதிரி இருக்கான்” என்றார். நான் அன்று வாய்விட்டுச் சிரித்தேன்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, என் கடிதம்தான் அவரை அங்கே கொண்டுபோகிறது என்று பெருமைப்பட்டேன். ஒரு வாரம் அவருக்குப் பாடம் நடத்தினேன். அவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள், அப்படிச் சொல்லுங்கள். புறப்படும் காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னேன்.

“லெட்டர்ல உள்ளத மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க.”

வீட்டில் இருக்கப் பொறுக்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. மகளை மடியில் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், முன்னதாகப் பேசி முடித்த ஒருவர் வெளியே வந்து பக்கத்து மேசையில் காப்பி கேட்டார். நாற்பது வயதிருக்கும். உள்ளே போயிருப்பது உன் வீட்டுக்காரரா தங்கச்சி என்று விசாரித்தார். அவரும் வேறொரு தோட்டத்தில் மூடிய மில்லிலிருந்து வந்தவர்தான்.

“பாய்லர் ரூமுக்கு ரெண்டு ஆளு வேணுமாம். நான் பத்து வருஷமா நெருப்புப் போட்டவன்னு சொன்னேன். டிக்கெட் இருக்கான்னாரு இஞ்சினியரு. எங்க இருக்கு? டிக்கெட் வச்சிருந்தவன் தூங்குவான், நான் எரிப்பேன்னேன். மனுசன் சிரிச்சுட்டாரு லா. எல்லா எஸ்டேட்லயும் இதே கததானாம். கம்பெனியே பரீச்சைக்கு அனுப்புமாம். வேல கெடச்சிருச்சு.”

“லெட்டர்ல அதெல்லாம் எழுதியிருந்தீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“என் மச்சான் கிறுக்கிக் கொடுத்தான். பாய்லர், பாய்லர்னு நாலு எடத்துல எழுதி வச்சிருக்கான். எழுத்தெல்லாம் ஒரே தப்பு. ஆனா அதப் பாத்துத்தான் கூப்பிட்டேன்னாரு.”

நான் எழுந்தேன். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து வாசல்வரை போனேன். காவலாளி மலாயில் என்ன வேண்டும் என்று கேட்டார். உள்ளே இருப்பவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கலாம். மிஞ்சிப் போனால் விரட்டியிருப்பார். ஆனால் மனைவி பின்னாலேயே வந்து நிற்பதைப் பார்த்தால் அவரை என்னவென்று நினைப்பார்கள், இருக்கும் வாய்ப்பும் கெட்டுவிடுமோ, அந்த மனிதர் சொல்வது உண்மைதானா என்றெல்லாம் யோசித்தேன். ஒன்றுமில்லை என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிக் கடைக்கே வந்தேன். என்னால் இன்றுவரை தாண்ட முடியாத இடம் அந்த வாசல்தான்.

என் கணவர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சரியாகச் செய்த மாணவனைப் போல வந்தார்.

“மில்லுல என்ன வேலைன்னு கேட்டாரு. பொது வேலைன்னேன். குறிப்பா என்னன்னு கேட்டாரு. லெட்டர்ல உள்ளதத்தான் சொன்னேன். உழைப்பாளி, நேர்மையானவன்னு. வேற ஒண்ணும் செஞ்சதில்லையான்னு ரெண்டு தடவ கேட்டாரு.”

“நீங்க?”

“இல்லன்னுட்டேன். நீதான் சொன்னியே.”

பக்கத்து மேசைக்காரர், தனக்குப் பாய்லர் அறையில் வேலை கிடைத்ததை அப்போது மறுபடியும் மகிழ்ச்சியோடு சொன்னார். என் கணவர் முழுவதும் கேட்டார். டிக்கெட் பற்றி ஒருமுறை திருப்பிக் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டார். “நல்லதுண்ணே” என்றார். அந்த மனிதரின் காப்பிக்கும் அவரே காசு கொடுத்தார். பஸ்ஸில் மகளை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டும்வரை அவளுக்கு ஜன்னலில் வேடிக்கை காட்டிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

மறுநாள் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். நெருப்பின் இரைச்சல், ஈர நார், அடைத்த குழாய், சுவரில் தொங்கிய சான்றிதழ் எல்லாம் அதில் இருந்தன. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. அவரிடம் நீட்டியபோது கையில் வாங்கவில்லை. “அங்க இல்லன்னு சொல்லிட்டு வந்தவன் நான். இப்ப இருக்குன்னு எழுதினா பொய் சொன்னவனாயிருவேன்” என்றார். அவருக்குத் தெரியாமல் அனுப்பிவிடலாமா என்று பத்து நாள் யோசித்தேன். அதற்குள் தொழிற்சாலையிலிருந்து பதில் வந்துவிட்டது. தங்களுக்கு ஏற்ற பணியிடம் தற்போது இல்லை என்று நல்ல மலாயில் எழுதியிருந்தார்கள்.

கெடு முடிவதற்குள், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, செகிஞ்சானில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அதற்குக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை. ஆலை முதலாளியான தௌக்கேயின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை அறையில் குடியேறினோம். மகளுக்கு வயல் காற்று ஒத்துக்கொண்டது, கன்னம் வைத்தது. அவர் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தார். அந்த ஆலைக்குப் பின்கட்டில் உமியை எரித்துச் சூடேற்றும் உலை ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. மற்றொரு தொழிலாளியின் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். தௌக்கேயிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் என்று எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். இந்த வாயால் எப்படிச் சொல்வது என்று அடங்கிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து மகளைப் பாலர் பள்ளியில் சேர்க்க ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் காலையில் ஆலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இதில் என்னங்க எழுதட்டும் என்று கேட்டேன்.

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டே, “ஒனக்குத் தோணுனத எழுது” என்றார்.

கோபமில்லாமல் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுப் பாரத்தைக் கொடுத்தேன். ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்காமல், தன் பேனாவால் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.