பச்சைப் புள்ளிகள்

எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற என் அண்ணன், அந்த இறாலை நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க ஆய்வகத்துக்கு வந்தான். டிஎன்ஏ அறுந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயமேற்றிய நியூக்ளியோடைடுகளை இறாலின் செல்களில் சேர்த்திருந்தேன். நுண்ணோக்கித் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.

"சோக்கா கீதுடா!" என்றான்.

"ஒவ்வொரு புள்ளியும் டிஎன்ஏ அறுந்த எடம்ணா. கம்பெனி கழிவுத் தண்ணி பண்ண வேல." மீன் விலை சொல்வதுபோலச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் வாய்க்கு முன் கை பேசும். சட்டையைப் பிடித்து என்னைச் சுவரில் மோதினான். அவன் வயிற்றில் உதைத்தேன். அவன் எனக்கு விட்ட குத்து கண்ணாடிக் கதவில் விழுந்து அதை நொறுக்கியது.

ரத்தம் சொட்டும் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இத்தயும் வச்சிப் பாருடா. எறா கெடக்குற தண்ணிலதான் நானும் கெடக்குறேன்."