மேல்வீட்டுக்காரரின் ஊதா உருளைக்கிழங்கு

2024 பிப்ரவரி 18, ஞாயிறு. ஆறு மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்து, காபி குடித்தேன். வெளிச்சம் வந்ததும் பின்கதவைத் திறந்து உருளைக்கிழங்குப் பாத்திகளைப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மலைக்கிழங்கு, விரல்போல நீண்ட மஞ்சள் என்று வகைக்கு ஒரு வரிசை. போன வாரமே தழையை அடியோடு அறுத்துவிட்டதால் எல்லாம் மொட்டையாகக் கிடந்தன. அறுத்த பிறகு இரண்டு வாரம் மண்ணுக்குள் விட்டால்தான் கிழங்கின் தோல் கெட்டிப்படும்.

டெல்லி ஜனக்புரியில் எங்களுடையது கீழ்வீடு. பின்னால் உள்ள துண்டு நிலம் காகிதப்படி பொது இடம், வழக்கப்படி கீழ்வீட்டுக்காரரின் தோட்டம். அங்கே சிமெண்ட் பூசி பார்க்கிங் ஆக்க வேண்டும் என்று காலனி கமிட்டிக்கு மனு போயிருந்தது. எழுதியவர் என் மேல்வீட்டுக்காரர். தமிழர்தான், என்னைப் போலவே பேங்க் உத்தியோகம். இரண்டாவது கார் வாங்கியிருந்தார்.

இதே மனிதர்தான் அக்டோபரில் என் தோட்டத்தில் ஓர் ஓரம் கேட்டு வந்தார். ஊதா உருளைக்கிழங்கு நட வேண்டுமாம். விதைக்கிழங்கை ஆன்லைனில் வரவழைத்திருந்தார். ஊரெல்லாம் நடும் கிழங்கை நடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வெட்டிய துண்டுகளை ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி நடச் சொன்னேன். வெட்டிய கையோடு நட்டார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லாரிடமும் கைதட்டு வாங்கினார். பாதி அழுகிப்போயிற்று. முளைத்த மீதியை, கிழங்கு வந்துவிட்டதா என்று ஞாயிறுதோறும் தோண்டிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவில் ஏதாவது அகப்பட்டால் அதையும் போட்டோ எடுத்துவிட்டு மறுபடி புதைத்தார். ஜனவரியில் எல்லாம் செத்தன. மண் சரியில்லை என்றார். சரியில்லாத மண்ணுக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் சிமெண்ட்.

பதினொரு மணிக்குக் கமிட்டிச் செயலாளரும் இன்னும் இருவரும் அளக்கும் டேப்போடு வந்தார்கள். மேல்வீட்டுக்காரர் முன்னால் நின்று, இங்கே ஒன்றும் விளையாது, இருந்ததும் காய்ந்துவிட்டது, நீங்களே பாருங்கள் என்று ஹிந்தியில் விளக்கினார். நான்கு வகை உருளைக்கிழங்கு உள்ளே இருக்கிறது என்றேன். செயலாளர் தோண்டிக் காட்டச் சொன்னார். இன்னும் ஒரு வாரம் போகவேண்டும், இப்போது தோண்டமாட்டேன் என்றேன்.

மேல்வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இருந்தாத்தானே சார் காட்டுவீங்க. நான் தோண்டிப் பாக்காத மண்ணா இது?"

"அதான் தெரியுமே சார். நீங்க தோண்டின தோண்டல்ல பெருச்சாளியே வெக்கப்பட்டு வேற காலனிக்குப் போயிடுச்சு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வெறும் மண்ணைக் காட்டுவதற்காகக் குனிந்து என் சிவப்பு வரிசையில் கையை விட்டு வாரினார். மண்ணோடு ஆறேழு கிழங்குகள் வந்தன. நல்ல கைப்பிடி அளவு. அவர் கட்டைவிரல் பட்ட இடத்தில் தோல் உரிந்து நின்றது. ஒரு வாரம் பொறுக்கச் சொன்னது அதற்காகத்தான். அதை யாரும் பார்க்கவில்லை. செயலாளர் இரண்டு கிழங்கைத் துடைத்து ஜேபியில் போட்டுக்கொண்டார், கூட வந்தவர்கள் மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். பொது இடத்தைக் காப்பாற்ற வந்தவர்கள்.

போகும்போது செயலாளர் தீர்ப்புச் சொன்னார். பயிர் நிற்கும்வரை இது தோட்டம், பயிர் எடுத்து நிலம் காலியானதும் பார்க்கிங். மேல்வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "ஒரு வாரம்தானே சார், வெயிட் பண்றேன்" என்றார். எதற்கும் ஒரு வாரம் பொறுத்தவரில்லை அவர்.

சாயங்காலம், அவர் கிளறிப்போட்ட இடத்தில் மண் அணைத்தேன். பயிர் நிற்கும்வரை என்றுதான் சொன்னார்கள். உருளைக்கிழங்குப் பயிர் என்று சொல்லவில்லை. மனு எழுதத் தெரிந்தவருக்கு அதைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. வெண்டை விதையைக் கிண்ணத்தில் ஊறப்போட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை மோட்டார்கூடப் போடவில்லை. வெளிச்சம் வந்ததும் முதல் வேலையாக, உருளைக்கிழங்கு வரிசைகளுக்கு நடுவே வெண்டை விதைகளை ஊன்றினேன்.