இருசம்மாளின் வயிறு

கல்யாணமாகி இருபது வருடம் பிள்ளையில்லாமல் இருந்த இருசம்மாளுக்கு வயிறு பெருத்தது. வெள்ளிமலைப் பக்கத்து அந்த ஊரில் யாரும் அவளை நேரே கேட்கவில்லை. மாதவிலக்கு நின்றிருந்தது. இரண்டு வாய் தின்றாலே நெஞ்சை அடைத்தது. மசக்கை என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். புருஷன் மாயவன் மரவள்ளிக் காட்டில் அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்கள். ஸ்கேன் எடுத்த பெண், "கொயந்த இல்லம்மா. வயித்துல தண்ணி சேந்துகினு இருக்குது. சினைப்பையில கட்டி தெரியுது. சேலத்துக்குப் போயிடுங்க" என்றாள். இருசம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

"கொயந்த இல்லியாம்" என்றாள் மாயவனிடம். "கட்டியாம்."

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று உறுதியானது. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கினார்கள். தலைமுடி கொத்துக்கொத்தாய்ப் போயிற்று. பிறகு அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர் விஜயலட்சுமி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"கண்ணுக்குத் தெரியறது எதையும் விடக்கூடாதும்மா. மிச்சம் எவ்வளவு கம்மியோ, அவ்வளவு அதிக நாள் நல்லா இருக்கலாம். ரெண்டு சினைப்பை, கர்ப்பப்பை, குடல் மேல போர்த்தியிருக்கிற கொழுப்பு எல்லாத்தையும் எடுக்கணும்."

"கர்ப்பப்பையுமாங்க?" என்றான் மாயவன்.

"எடுத்துடுங்க" என்றாள் இருசம்மாள். "அது எனக்கு இன்னா குடுத்துச்சு."

காலையில் உள்ளே கொண்டுபோனவளைப் பொழுது சாயும்போதுதான் வெளியே கொண்டுவந்தார்கள். நினைவு தெளிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "எல்லாம் வந்துடுச்சுங்களா?"

சொல்ல வேண்டாம் என்று மாயவன் டாக்டரைக் கெஞ்சியிருந்தான். விஜயலட்சுமி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பெருசெல்லாம் எடுத்தாச்சு. குடலுக்கு ரத்தம் போற இடத்துல பொடிப்பொடியா ஒட்டியிருக்கு. அங்க கத்தி வச்சா உயிருக்கே ஆபத்து. இனி மருந்துதான்."

இருசம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, மாயவன் சாப்பிட்டானா என்று கேட்டாள்.

மீதி மருந்தும் முடிந்து மலையேறினாள். முடி முளைத்தது. அந்த வருடச் சாமையை அவளே அரிவாளோடு இறங்கி அறுத்தாள். மறு வருடம் மழைக்கு முன்பே வயிறு மறுபடி உப்பியது. சேலத்தில் நீரை வடித்துவிட்டு, இனி அறுத்துப் பயனில்லை என்றார்கள்.

"வூட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

மாயவன் காட்டுக்குப் போவதை விட்டுவிட்டுக் கஞ்சி புகட்டினான். ஒருநாள் அவள் கேட்டாள்: "ஒங்க வூட்ல இன்னொருத்திய கட்டிக்கச் சொன்னாங்களே, ஏன் கட்டிக்கல?"

"தோணல" என்றான்.

அன்றைக்குக் கஞ்சியைக் கொஞ்சம் கூடுதலாகவே குடித்தாள். அந்த வாரம் தாண்டவில்லை.