டம்ளரில் வெட்டிய பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கலை இயக்குநர் செல்வி போய்விட்டாள் என்றார் அவள் கணவர். மாரடைப்பு. நான் "சரி" என்றேன். அதற்குப் போய் யாராவது சரி என்பார்களா?

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்கிய பாத்திரத்தை அப்படியே காட்சியில் வைக்க மாட்டாள். சேக்காட்டில் வீடு வீடாகப் போய்ப் புதியதைக் கொடுத்து, புழங்கியதை வாங்கி வருவாள். "புச்சுல யாரும் துன்ன மாதிரியே தெரியாது டைரக்டரே" என்பாள்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எடுத்த படத்தில், கணவனை இழந்தவள் வீட்டைக் காலி செய்யும் காட்சி. சுவரில் மாலை போட்ட போட்டோவும் ஒரு பக்க வசனமும் வைத்திருந்தேன். செல்வி போட்டோவைக் கழற்றிவிட்டாள். "செத்துட்டான்னு செவுரு இன்னாத்துக்கு சொல்லணும்? அவ கையி சொல்லட்டும்." காலமான என் அப்பாவின் பெயர் வெட்டிய டம்ளரை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தாள். நடிகை எல்லாப் பாத்திரங்களையும் சாக்கில் போட்டார். அந்த டம்ளர் கைக்கு வந்ததும் பெயரைக் கட்டைவிரலால் தடவி, கழுவித் தனியாக வைத்தார். வசனத்தை நானே அடித்துவிட்டேன். பாராட்டெல்லாம் எனக்கு வந்தது.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அந்த டம்ளர் தொலைந்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை. படத்தையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். செல்வியிடம் கத்தித் தீர்த்தேன். "அதே மாதிரி ஒண்ணுல அப்பா பேரை வெட்டிக் கொடுத்துடு, அம்மாவுக்குக் கண் சரியில்ல" என்றேன். பட்டாபிராமில் புது ஃபிளாட்டைப் பழைய வீடாக்கிக் காட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அடுத்த வாரம் அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவிடம் நீட்டிய டம்ளரில் 'செல்வி' என்றிருந்தது. "சினிமாவுக்குன்னா எது வேணா செய்வேம்மா. உன்னாண்ட அது ஆவாது. தொலச்சவ பேரு கீது பாரு. குடிக்கசொல்லோ என்னைத் திட்டிக்கோ."

அம்மா அப்படியே செய்தாள். தினமும் காபி அதில்தான், திட்டும் கூடவே. போகப் போக அது விசாரிப்பாக மாறியது. "அந்தத் திருடிக்கு இன்னைக்கு எங்கே ஷூட்டிங்காம்?" செல்வி வந்தால் முதல் தோசை அவளுக்குத்தான்.

ஞாயிறன்று செய்தியைச் சொன்னதும் அம்மா என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். காபியை வேறு டம்ளருக்கு மாற்றினாள். செல்வியின் பெயரைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு கழுவித் துடைத்து, அலமாரியில் தனியாக வைத்தாள். அந்தப் படத்தை அவள் இன்றுவரை பார்த்ததில்லை.

செல்வி என்று எனக்கு மிஞ்சியிருப்பது அந்த டம்ளர்தான். எந்தப் படப்பிடிப்புக்கும் அதைத் தருவதாக இல்லை.